‘வரம்பற்ற’ ஹோஸ்டிங்கிலிருந்து என் கடையை வெளியே எடுத்தது

தள்ளுபடி அறிவிப்பை வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிய சில நிமிடங்களில் என் இணையக் கடை திறக்காமல் போனது. வெள்ளைப் பக்கத்தில் 508 என்ற எண்ணும், வள வரம்பு எட்டப்பட்டுவிட்டது என்ற ஒரு வரியும் மட்டுமே இருந்தன. நான் பணம் கட்டியிருந்த திட்டத்தின் பெயரிலேயே ‘வரம்பற்ற’ என்ற சொல் இருந்ததால், எந்த வரம்பைத் தொட்டேன் என்பது எனக்கு விளங்கவில்லை. அரை மணி நேரத்தில் தளம் தானாகவே சரியாகிவிட்டது. அதற்குள் வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

தளத்துக்கு சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தளம் நன்றாகத் திறக்கிறது என்று முதல் பதில் வந்தது. பிளகின்களை (கடைக்குக் கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்களை) ஒவ்வொன்றாக முடக்கிப் பாருங்கள் என்றார் அடுத்து வந்தவர்; மேல் திட்டத்துக்கு மாறிவிடுங்கள் என்றார் மூன்றாமவர். ஒவ்வொரு முறையும் புதிய ஆள் வந்ததால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் வலைப்பதிவில் பிளகினை முடக்கிச் சோதிப்பது எளிது. கடையிலோ கட்டணம் பெறுவதும் விநியோகச் செலவைக் கணக்கிடுவதும் பிளகின்கள்தாம் என்பதால், சோதிக்கும் நேரமெல்லாம் கடையைப் பூட்டி வைத்த நேரமாகவே ஆகிறது. இரண்டு இரவுகள் இதில் போயின.

மூன்றாம் நாள், கட்டுப்பாட்டுப் பலகையில் அதுவரை நான் திறந்தே பார்க்காத வளப் பயன்பாட்டுப் பக்கத்துக்குப் போனேன். வட்டில் இடம் ஏராளமாக இருந்தது. மாதப் போக்குவரத்தும் குறைவே. ‘என்ட்ரி பிராசஸ்’ என்ற கோடு மட்டும் 20 என்ற எண்ணில் முட்டித் தட்டையாக நின்றது. ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி கோரிக்கைகளை, அதாவது பக்கத்தை சர்வரே நிரல் ஓட்டித் தயாரிக்க வேண்டிய கோரிக்கைகளை, என் கணக்கு ஏற்கும் என்பதற்கான எல்லை அது. விற்பனைப் பக்கத்தில் இந்த எண் எங்கும் இல்லை. ஒரு கோரிக்கை முடிய 2 நொடி ஆனால், 20 இடங்களில் நொடிக்கு 10 கோரிக்கைகளைத்தான் முடிக்க முடியும். கூட்டத்தில் சர்வர் திணறி அதுவே 5 நொடியானால் நொடிக்கு 4 என்று சுருங்கிவிடும். கடை மெதுவாகும்போதுதான் வாடிக்கையாளர் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் பக்கத்தைப் புதுப்பிக்கிறார் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் என் தவறும் இருந்தது. ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் காட்டும் கேஷ் பிளகின் போட்டுவிட்டதால் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்திருந்தேன். ஆனால் கூடைப் பக்கமும் கட்டணப் பக்கமும் ஆளுக்கு ஆள் மாறுபவை என்பதால் அவற்றை கேஷில் வைக்க முடியாது. அதற்கும் மேலாக, பக்கத்தின் உச்சியில் கூடைக்குள் எத்தனை பொருள் என்று காட்டும் அந்தச் சின்ன எண்ணைப் புதுப்பிப்பதற்காக, கேஷிலிருந்து வந்த பக்கங்களும்கூடப் பின்னணியில் சர்வரிடம் ஒரு கோரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த எண்ணை எடுத்துவிட்டதும் கோடு பாதியாக இறங்கியது. நான் கேட்ட மூவரில் ஒருவராவது அந்த வளப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அவர்கள் வாக்களித்த 99.9 விழுக்காடு இயங்கு நேரத்தைச் சுட்டி இழப்பீடு கேட்டேன். ஆனால் சர்வர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது, உங்கள் கணக்குத்தான் எல்லையைத் தாண்டியது என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தைப் படித்தேன், அவர்கள் சொன்னது சரிதான். அன்றைக்கே வெளியேற முடிவு செய்தேன்.

புதிய இடம் தேடியபோது எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: என் கணக்குக்கு ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி கோரிக்கைகள்? எண்ணைச் சொன்னவரிடம் சேர்ந்தேன். டொமைனையும் (தளத்தின் பெயரையும்) அங்கே மாற்றலாம் என்று பார்த்தால், அண்மையில் அதன் உரிமையாளர் விவரத்தில் என் பெயரைத் திருத்தியிருந்ததால் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழுந்திருந்தது. ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்ட பிறகுதான், டொமைன் பழைய இடத்திலேயே இருக்க, அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரிப் பதிவை மட்டும் புதிய சர்வருக்குத் திருப்பினால் போதும் என்பது உறைத்தது.

தரவுத்தளத்தை ஏற்றியபோது பொருள் விளக்கங்களில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்றோ ஆறோ விசித்திரக் குறிகளாகத் தெரிந்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். பழைய கடை அந்தப் பைட்டுகளை லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து முறையின் பெயரில் சேமித்து வைத்திருக்க, நான் ஏற்றுமதி செய்தபோது அவை இன்னொரு முறை மாற்றப்பட்டுவிட்டன. லத்தீன்-1 என்றே அறிவித்து, பைட்டுகள் மாறாமல் மீண்டும் எடுத்து, கோப்பில் எழுத்துக் குறியாக்க முறையைக் குறிக்கும் வரிகளை மட்டும் திருத்தி ஏற்றியதும் எல்லாம் திரும்பி வந்தது.

மாற்றுவதற்கு முதல் நாளே முகவரிப் பதிவின் ஆயுளை, அதாவது மற்ற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 14400 நொடியிலிருந்து 300 ஆகக் குறைத்தேன். தளங்களின் முகவரியை என் கணினிக்கு மட்டும் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய முகவரியை எழுதி, உலகம் பழைய கடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நான் புதியதில் ஒரு பொருளை வாங்கிப் பார்த்தேன். பிறகு பழைய கடையைப் பராமரிப்பு நிலையில் போட்டேன், அப்போதைய தரவுத்தளத்தைக் கடைசியாக ஒரு முறை எடுத்து ஏற்றினேன், முகவரியைத் திருப்பினேன். பத்து நிமிடத்தில் புதிய சர்வரில் முதல் ஆர்டர் விழுந்தது.

மறுநாள் காலையில் அந்த ஆர்டரைப் போட்டவருக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. டொமைனின் பெயரில் எந்த சர்வர்கள் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய சர்வரின் முகவரி மட்டுமே இருந்ததால், புதிய சர்வர் அனுப்பிய கடிதங்களெல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போயிருந்தன. அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பணம் கட்டிய இருவரின் ஆர்டர்கள் புதிய கடையில் ‘நிலுவை’ என்றே நிற்பதைக் கவனித்தேன். கட்டண நிறுவனத்தின் அறிவிப்புகள் இன்னும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன; அங்கே பராமரிப்புப் பக்கம் அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இருவரின் பரிவர்த்தனை எண்களையும் கட்டண நிறுவனத்தின் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, ஆர்டர்களை நானே கையால் ‘பணம் பெறப்பட்டது’ என்று மாற்றி, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து இருவருக்கும் தனித்தனியே எழுதினேன்.