வீரகேசரியும் உலக முடிவும்

எங்களுக்குப் புவியியல் படிப்பித்த சேர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, அதன் கீழே ஒருவன் கேட்டிருந்தான்: "வீரகேசரிக்குச் சொல்லியாச்சா?" இளையவர்கள் பத்திரிகையை நினைத்திருப்பார்கள். எங்கள் வகுப்புக்குத் தெரியும், அது நான்.

1979. உயர்தர வகுப்புச் சுற்றுலா. மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளி அப்போது தேசியப் பூங்கா ஆகவில்லை, அது 1988இல்தான். நாங்கள் பார்க்கப் போனது அங்கே உலக முடிவு என்று சொல்லும் செங்குத்தான மலைவிளிம்பை. "ஒன்பது மணிக்குள் விளிம்பில நிக்கவேணும், பிந்தினால் முகில்தான்" என்று சேர் முதல்நாளே எச்சரித்திருந்தார். வானம் தெளிந்திருந்தால் தெற்கே கடலும் தெரியுமாம்.

நான் போட்டிருந்தது அண்ணனின் சப்பாத்து. பெரிது, முனையில் பேப்பர் அடைத்திருந்தேன். பாதை ஒன்றும் கடினமில்லை, சுற்றி வந்தாலும் 9 கிலோமீற்றர்தான். ஆனால் வழியில் முதலில் வரும் விளிம்பான சின்ன உலக முடிவுக்கு முன்னாலேயே குதிக்கால் உரிந்துவிட்டது. எனக்காக வரிசை நின்றது, நடந்தது, மறுபடி நின்றது. பெரிய உலக முடிவுக்குப் போனபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. காலடியில் 800 மீற்றருக்கு மேல் பள்ளம். நாங்கள் கண்டது ஒரு வெள்ளைச் சுவர்.

"கழற்று" என்றார் சேர். ஈரப் பேப்பர் உருண்டு விழுந்தது. எடுத்து விரித்துப் பார்த்தார். "வீரகேசரியும் உலக முடிவு பார்க்க வந்திருக்குதடா!"

யார் யார் சிரித்தார்கள் என்ற பட்டியல் என்னிடம் இன்றும் உண்டு. சங்கத்தின் மலரைத் தயாரிக்கும் குழுவில் அவர்களில் இருவர் இருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். பள்ளத்தாக்கு சூடேற, காற்று மலைச்சுவரோடு ஏறிக் குளிர்ந்து முகிலாவதை அந்த முகிலுக்கு முன்னால் நின்றே படிப்பித்தார். திரும்பும்போது தன் காலுறைகளைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, வெறுங்காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். அதற்கு ஒருவரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

2017இல் மறுபடி போனேன். கனடாக் கடவுச்சீட்டு, ஆகவே வெளிநாட்டவர் ரிக்கற். விடிந்ததும் நடந்தேன். துளி முகில் இல்லை. கீழே சமனலவெவ நீர்த்தேக்கம். 1992இல் கட்டி முடித்தது, சேர் கரும்பலகையில் கீறிய படத்தில் இல்லாதது. தெற்கே மெல்லிய கோடு ஒன்று.

நுவரெலியாவுக்கு இறங்கி வந்து சேருக்கு போன் எடுத்தேன். என் பெயர் அவருக்குப் பிடிபடவில்லை.

"வீரகேசரி, சேர்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "கடல் தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சது, சேர்."

"வடிவாப் பார்த்தனியோ? முகிலாயும் இருக்கும். நான் எத்தினை தரம் போனனான், ஒருக்காலும் காணேல்லை. வீட்டை வாவன், இருந்து சொல்லு."

அவர் வீடு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். எனக்கு அடுத்த நாள் இரவு விமானம்.

"அடுத்த முறை கட்டாயம் வாறன், சேர்" என்றேன். அடுத்த நாள் முழுவதும் கொழும்பில் சேலைக் கடைகளில் ஏறி இறங்கினேன்.