வேல்ஸ் தேசியவாதமும் அரச விழாக்களும்: இந்தக் கேள்வியில் மார்க் எங்கே போகிறது

உங்கள் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ்தான், ஆனால் நவீன வேல்ஸ் வரலாற்றுத் தாளில் வர வேண்டிய மார்க் வரவில்லை. தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும் என்பதால் அதை விட்டுவிட்டு நேராக அந்த ஒரு கேள்விக்கு வருகிறேன்: அரச விழாக்களையும் முடியாட்சியையும் வேல்ஸ் தேசியவாதிகள் எப்படிப் பார்த்தார்கள்?

"வேல்ஸ் தேசியவாதிகள் முடியாட்சியை எதிர்த்தார்கள்" என்று முதல் வரியை எழுதினால் பாதி மார்க் அங்கேயே போச்சு. யார், எந்த ஆண்டில், எதை எதிர்த்தார்கள்? ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

மூன்றில் வழுக்குவது "எதை" என்பதுதான். அரசுமுடி ஒன்று, "வேல்ஸ் இளவரசர்" பட்டம் வேறு, வடக்கு வேல்ஸின் கைர்னார்வன் கோட்டையில் நடந்த பட்டமேற்பு விழா இன்னும் வேறு. பட்டம் சட்டப்படி அரசாணையால் கிடைப்பது. விழா வெறும் சடங்கு. சார்ல்ஸுக்குப் பட்டம் 1958-ல் கிடைத்தது, விழா 1969-ல்தான் நடந்தது. வில்லியமுக்கு 2022-ல் விழா இல்லாமலேயே பட்டம் வந்தது. கைர்னார்வனில் இந்த விழா நடந்ததே இரண்டு முறை, 1911-லும் 1969-லும். முடிசூட்டு விழாவோடு இதைக் குழப்பி எழுதிய விடைத்தாள்கள் ஏராளமாக இருக்கும்.

தமிழில் யோசித்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி. நமக்கு இளவரசர் என்றால் அரசனின் மகன், பட்டத்துக்குக் காத்திருப்பவன். வெல்ஷ் மொழியில் அந்த இடத்தில் இருப்பது "தவசோக்". வழிநடத்துபவன், ஆள்பவன் என்று பொருள். 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி அருகே கொல்லப்பட்ட லுவெலின் அப் கிரிஃபித் எந்த மன்னரின் வாரிசாகவும் அந்தப் பட்டத்தை வைத்திருக்கவில்லை, நாட்டை ஆண்டவர். அவரை வீழ்த்திய முதலாம் எட்வர்ட் 1301-ல் அதே பட்டத்தைத் தன் மகனுக்குக் கொடுத்தார். தோற்றவனின் பட்டம் வென்றவன் வீட்டுச் சொத்தானது. பட்டத்தின் மீதான கோபம் இங்கிருந்து வருகிறது, அதற்குக் குடியரசுவாதியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதை மூன்று வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி "இதோ ஆங்கிலம் பேசாத இளவரசன்" என்று எட்வர்ட் சொன்ன கதை பிற்காலக் கட்டுக்கதை. அதை உண்மையாக எழுதினால் மார்க் போகும்.

1911-ஐ ஒரு பத்தியில் முடியுங்கள். அந்த விழாவைக் கைர்னார்வனுக்குக் கொண்டுவந்து, இளவரசருக்கு நாலு வரி வெல்ஷும் கற்றுக்கொடுத்தவர் அன்றைய பிரிட்டன் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ். ஒரு வெல்ஷ்காரரே முன்னின்று நடத்தியது என்பதுதான் இங்கே வாதப்பொருள். விழாவைக் கண்டித்த கேர் ஹார்டி தேசியவாதி அல்ல, தொழிலாளர் தலைவர். அவருடைய கோபத்துக்கு 1894 ஜூன் 23-ஐக் காட்டுங்கள். 1911-ல் பட்டமேற்று, பின்னாளில் எட்டாம் எட்வர்ட் ஆன அந்தக் குழந்தை பிறந்த அதே நாளில் கில்வினித் சுரங்க வெடிப்பில் 290 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் பிறப்புக்கு வாழ்த்துச் சொன்னது; சுரங்கச் சாவுக்கு ஹார்டி கேட்ட இரங்கலைச் சொல்லவில்லை.

வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரி 1925-ல் புல்ஹெலியில் தொடங்கியது. 1930-களில் அது கேட்டது டொமினியன் அந்தஸ்து. அதாவது கனடா போல: தன்னாட்சி உண்டு, அரசரும் உண்டு. இதில் அதிருப்தி கொண்டவர்கள் 1949-ல் பிரிந்து போய் வெல்ஷ் குடியரசு இயக்கம் அமைத்தார்கள். தேசியவாதத்துக்குள்ளேயே பிளவு இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

பாதி நேரத்தை 1969-க்கு ஒதுக்குங்கள்.

பலரும் எழுதுவது: 1966 ஜூலையில் பிளைட் கம்ரி தலைவர் குவின்வோர் எவன்ஸ் கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்றார், பயந்துபோன அரசு அதற்குப் பதிலடியாக 1969 விழாவை நடத்தியது. கேட்க அழகாக இருக்கிறது, காலக்கணக்கு இடிக்கிறது. மகன் வளர்ந்ததும் கைர்னார்வனில் உங்கள் முன் நிறுத்துவேன் என்று ராணி எலிசபெத் 1958-லேயே, வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கான ஒலிப்பதிவுச் செய்தியில் சொல்லிவிட்டார். ஆகவே விழா பழைய வாக்குறுதி, அதற்கு ஏறிய அரசியல் சூடு புதியது என்று எழுதுங்கள். அந்தச் சூட்டுக்குக் காரணங்கள்: 1962-ல் பிறந்த வெல்ஷ் மொழிச் சங்கம், இங்கிலாந்து நகரமான லிவர்பூலின் தண்ணீருக்காக 1965-ல் மூழ்கிய கேபல் கெலின் கிராமம், பிறகு கார்மார்தன்.

1969-ல் யார் என்ன செய்தார்கள்:

- பிளைட் கம்ரி: கட்சியாக எதிர்ப்புப் போராட்டம் நடத்தவில்லை. எவன்ஸ் விழாவுக்குப் போகவில்லை. பின்னர் சுற்றுப்பயணத்தில் சார்ல்ஸைச் சந்தித்தார். 1970 தேர்தலில் தொகுதியை இழந்தார். ஆனாலும் வேல்ஸ் அளவில் கட்சிக்கு 11.5 சதவீத வாக்கு. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.
- மொழிச் சங்கம்: தலைவர் டாவித் இவான். "கோவ்யா 1282", அதாவது 1282-ஐ மறவாதே, என்ற முழக்கம். அபெரிஸ்ட்வித்தில் இளைஞர் ஐஸ்டெத்வொட் (வெல்ஷ் கலை இலக்கியப் போட்டி) விழா மேடையில் சார்ல்ஸ் பேச எழுந்தபோது ஒரு பகுதியினர் வெளிநடப்பு செய்தார்கள். அவர் பேசியது வெல்ஷில்.
- எம்.ஏ.சி. என்ற தலைமறைவுக் குழு: வெடிகுண்டு. விழாவுக்கு முந்தின நாள், ஜூன் 30, அபெர்கெலேயில் தங்கள் குண்டே வெடித்து இருவர் இறந்தார்கள். இதைச் சுதந்திர வேல்ஸ் படையின் தலையில் கட்டாதீர்கள். அது வேறு குழு.
- எட்வர்ட் மில்வர்ட்: பிளைட் கம்ரிக்காரர். அபெரிஸ்ட்வித்தில் சார்ல்ஸுக்கு வெல்ஷ் கற்பித்தவரும் அவரே. இந்த ஒரு பெயர் ஒரு பத்திக்குச் சமம்.

விழாவின் தோற்றத்துக்கு இரண்டு வரி போதும்: ஸ்லேட் கல்லால் வட்ட மேடை, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை, எல்லாம் தொலைக்காட்சிக் கேமராவை மனதில் வைத்து. சார்ல்ஸின் கிரீடத்தின் உச்சி உருண்டைக்குள் இருந்தது தங்க முலாம் பூசிய பிங்பாங் பந்து. "மரபு என்பது செய்துகொள்ளப்படுவது" என்ற வாதத்தை வகுப்பில் எத்தனை மணி நேரம் கேட்டிருப்பீர்கள்! அந்தப் பந்தை எழுதுங்கள், போதும்.

1969-க்குப் பிறகு எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். வரிசையாக எட்டு நிகழ்வு எழுதுவதைவிட ஒரு ஜோடி போதும் என்பது என் கருத்து. பிளைட் கம்ரி உறுப்பினர் லியான் வுட் 2004-ல் வேல்ஸ் சட்டமன்றத்தில் ராணியைத் "திருமதி விண்ட்சர்" என்று குறிப்பிட்டதற்காக வெளியேற்றப்பட்டார். 2006 மார்ச் 1 அன்று அதே ராணி அந்தச் சட்டமன்றத்தின் புதிய கட்டடமான செனெட்டைத் திறந்தபோது முறைப்படி வரவேற்ற அவைத்தலைவர் டாவித் எலிஸ்-தாமஸ். இருவரும் அப்போது ஒரே கட்சி. பிறகு 2022: சார்ல்ஸ் அரசராக முதன்முதலில் கார்டிஃப் வந்தது செப்டம்பர் 16. அது 1400-ல் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த வெல்ஷ் தலைவர் ஓவைன் கிளின்டூர் தன்னைத் "தவசோக்" என்று அறிவித்த நாள். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று எழுதாதீர்கள், தேதியை மட்டும் வையுங்கள்.

தனித்தனியாக மார்க் தின்னும் சில்லறைப் பிழைகள்:

- குடியரசுவாதி எல்லாம் தேசியவாதி என்று எழுதுவது. வேல்ஸின் முன்னாள் முதல்வர் மார்க் டிரேக்ஃபோர்ட் குடியரசுவாதி, ஆனால் லேபர் கட்சிக்காரர்.
- டியூடர்களை விட்டுவிடுவது. 1485-ல் முடி சூடிய ஏழாம் ஹென்றியின் வேர் ஆங்கில்சியில். அரசுமுடி நம்முடையதும்தான் என்ற பழைய வெல்ஷ் விசுவாசம் அதிலிருந்து வருகிறது. இதைச் சொல்லாமல் 1911-ன் உற்சாகத்தை விளக்க முடியாது.
- அரசுமுடியின் பெயரிலுள்ள நிலம், கடற்பரப்புச் சொத்தான கிரௌன் எஸ்டேட்டை அரசரின் சொந்தச் சொத்து என்பது. அதன் லாபம் போவது பிரிட்டன் கருவூலத்துக்கு. ஸ்காட்லாந்தில் 2017-ல் நிர்வாகம் கைமாறியது, வேல்ஸில் மாறவில்லை, தேசியவாதிகளின் குறை அதுதான்.
- விடுமுறையை மறப்பது. 2023 முடிசூட்டுக்கு மே 8 கூடுதல் விடுமுறை கிடைத்தது, புனித டேவிட் நாளான மார்ச் 1-க்கு இன்னும் இல்லை. விழா எதிர்ப்பின் அன்றாட முகம் இது.

45 நிமிடத்தில் முதல் ஏழு நிமிடம் பேனாவைக் கட்டுரைத்தாளில் வைக்காதீர்கள். பக்கவாட்டில் மூன்று கட்டம் போட்டு யார், எப்போது, எதை என்று நிரப்புங்கள். ஐந்து வரிசை நிரம்பினால் கட்டுரை தயார், ஆறாவது வேண்டாம். கடைசி நான்கு நிமிடம் தேதி சரிபார்க்க மட்டும்: 1282, 1301, 1911, 1958, 1969. 1958-ஐயும் 1969-ஐயும் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.