விலா விசோசா மாதாவுக்கு ஒரு முத்து

நேர்ச்சை என்னுடையதல்ல, அம்மாவுடையது. 2020இல் என் வீட்டுக்காரர் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் ஐந்து மாதம் கடலிலேயே கிடந்தார். எந்தத் துறைமுகத்திலும் ஆளை இறக்க விடவில்லை. அப்போதுதான் அம்மா ஒருநாள் செபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, மருமவன் கரையில கால் வச்சிட்டார்னா, நம்ம பேருக்காரர் கோயில் கட்டுன மாதா இருக்காள்ல, அவ பாதத்துல என் காது முத்து ஒண்ணைக் கொண்டு வச்சிரணும்."

நம்ம பேருக்காரர் என்றால் நூனோ ஆல்வாரெஸ் பெரைரா, பதினான்காம் நூற்றாண்டில் போர்த்துகல் படையை நடத்தியவர். 2009 ஏப்ரல் 26ஆம் தேதி பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். பட்டத்துக்கு ஏற்றுக்கொண்ட புதுமை, அதாவது அற்புதம், என்னவென்று தெரியுமா? மீன் பொரிக்கும்போது கொதிக்கிற எண்ணெய் தெறித்துக் கண் போன ஒரு அம்மாவுக்கு அவரை வேண்டிக்கொண்டதும் பார்வை வந்தது. தூத்துக்குடியில் மீன் பொரிக்காத வீடு ஏது? பங்குச்சாமி பிரசங்கத்தில் இதைச் சொன்ன அன்றே அம்மாவுக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். போதாததற்கு அம்மா பிறந்த வீடு பெரைரா வீடு. "ராஜாவுக்கே படை நடத்துன குடும்பம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் முன்னோர் 1530களில் ஞானஸ்நானம் பெற்றபோது ஞானத்தந்தையாகத் தலைதொட்ட போர்த்துகீசியரின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்று அப்பா சிரிப்பார். அம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

என் வீட்டுக்காரர் அந்த நவம்பரில் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள். நேர்ச்சை பாக்கி. முத்து அலமாரியில் மஞ்சள் துணியில் கிடந்தது. கடைசியில் போன டிசம்பரில்தான் வழி திறந்தது. அண்ணன் மகன் லிஸ்பனில் வேலையில் இருக்கிறான், "அத்தை, 8ஆம் தேதி அமலோற்பவ மாதா திருவிழா, அதற்கே வாங்க" என்றான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் அந்த மாதா இருக்கிற விலா விசோசாவுக்குப் புறப்பட்டோம். லிஸ்பனிலிருந்து கிழக்கே நூற்றெண்பது கிலோமீட்டர் போல இருக்கும். எவோரா வரைக்கும் பேருந்து ஒழுங்காக வந்தது. அங்கே மாற வேண்டிய பேருந்து வரவே இல்லை. கேட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார், அதில் ஏதோ விடுமுறைக் கால மாற்றமாம். இரண்டரை மணி நேரம் மழையில் நின்றோம். பிறகு ஒரு டாக்சிக்காரர், பணத்தைக் கேட்டபோதே எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. போகும் வழியெல்லாம் கார்க் மரங்கள், பட்டை உரித்த அடிமரம் சிவப்பாக. அப்புறம் மலை மலையாக வெட்டிப்போட்ட சலவைக்கல். அந்த வட்டாரமே சலவைக்கல் சுரங்கம்தான். ஊருக்குள் வாசற்படி, நடைபாதை ஓரம் என்று எதைப் பார்த்தாலும் அந்தக் கல். அழகுதான். மழையில் அது எப்படி வழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கோட்டைக்கு ஏறுகிற வழியில் கால் வழுக்கி உட்கார்ந்தே விட்டேன். தெரியாத ஒரு பாட்டி குடையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து என்னைத் தூக்கினாள். அவள் என்ன சொன்னாள் என்று புரியவில்லை, "மரியா" என்ற சொல் மட்டும் புரிந்தது.

விலா விசோசா எல்லைப்புறத்து ஊர். கிழக்கே எல்வாஷ், அதைத் தாண்டினால் ஸ்பெயின். 1270இல் மூன்றாம் அஃபோன்சோ இதற்கு ஊர்ச் சாசனம் கொடுத்தார், அவர் மகன் தினிஸ் கோட்டை எழுப்பினார். எல்லை ஊர் என்றால் எல்லாச் சண்டையும் வாசலில்தானே? 1383இல் அரசர் பெர்னாண்டோ ஆண் வாரிசில்லாமல் இறந்தார், மகளைக் கட்டியிருந்த காஸ்தீல் (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) அரசர் நாட்டைக் கேட்டு வந்தார். பெரிய குடும்பங்கள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பெரைரா வீட்டிலேயே பிளவு. 1385 ஆகஸ்ட் 14ஆம் தேதி அல்ஜுபரோட்டாவில் போர்த்துகல் படையை நூனோ நடத்தினார், எதிரிப் படையில் நின்று செத்தவர்களில் அவருடைய சகோதரர் பெத்ரோவும் உண்டு. வெற்றி பெற்றுத் தந்தவருக்கு அரசர் முதலாம் ஜோவாவ் அள்ளிக் கொடுத்த ஊர்களில் ஒன்று விலா விசோசா. கோட்டைக்குள் மாதாவுக்குக் கோயில் எழுப்பியதும், இங்கிலாந்திலிருந்து சுரூபத்தை வரவழைத்ததும் நூனோதான் என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

1401இல் அவர் ஒரே மகள் பெயாத்ரிஸ், அரசரின் மகன் அஃபோன்சோவை மணந்தாள். அஃபோன்சோ முறையான மனைவிக்குப் பிறந்தவர் அல்ல. (நூனோவும் அப்படித்தான், அம்மாவிடம் இதை நான் சொன்னதே இல்லை.) அந்த அஃபோன்சோதான் 1442இல் பிரகான்சாவின் முதல் கோமகன். விலா விசோசாவைப் பேரன் பெர்னாண்டோவுக்கு எழுதிவைத்த நூனோ, மீதியையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, 1423இல் லிஸ்பனில் தான் கட்டிய கார்மேல் மடத்திலேயே சாதாரணச் சகோதரராகச் சேர்ந்தார். அங்கே அவர் பெயர் சாந்தா மரியாவின் நூனோ. பெரைரா என்ற பெயரையே கழற்றிவைத்துவிட்டார்! அம்மா வாழ்நாளெல்லாம் தூக்கிச் சுமந்த பெயரை.

அவர் விட்டுப்போனதை வைத்து வந்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் சொத்தே வேண்டாம் என்று தோன்றும். மூன்றாம் கோமகனை 1483இல் துரோகி என்று சொல்லி எவோராவில் தலையை வெட்டினார்கள். சிறுவனாகக் காஸ்தீலுக்கு ஓடிய அவர் மகன் ஜைம் திரும்பி வந்து 1501இல் இங்கே அரண்மனை கட்டத் தொடங்கினார், 1512இல் சந்தேகப்பட்டு மனைவியைக் கொன்றார். அந்த ஜைமின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த மகன் கொன்ஸ்தாந்தினோ. கோவாவில் ஆளுநராக இருந்து 1560இல் யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்தவர், மன்னாரைப் பிடித்து, புன்னைக்காயலிலிருந்து எங்கள் பரதவர்களை அங்கே கொண்டுபோய்க் குடியேற்றியவர். அரண்மனை முகப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இதுதான் மனதில் ஓடியது. எங்கள் கடற்கரையை இடம் மாற்றிய கை இந்த வீட்டுக் கை. உள்ளே போகவில்லை, நேர்ச்சை முடியாமல் வேடிக்கை எதற்கு?

8ஆம் தேதி காலை ஏழரைக்கே கோட்டை வாசலில் கூட்டம். பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். முந்தின நாள் கடையில் ஒரு விலைக்கு விற்ற மெழுகுவர்த்தி அன்று வாசலில் இரண்டு மடங்கு. குடை விற்கிற ஆள் ஒருவன் என் பின்னாலேயே வந்தான், கையில் குடை விரித்துப் பிடித்திருப்பவளிடம் குடை விற்க! உள்ளே போனால் எல்லார் கையிலும் போன், சுரூபத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு, படம் பிடிக்கிறவர்கள் அதிகம். ஒரு கூட்டம் கொடியோடு நடுவில் நுழைந்து எங்களைத் தூணோரம் தள்ளிவிட்டது. எரிச்சலில் மனதுக்குள் திட்டினேன், மாதா மன்னிக்கட்டும்.

தூணோரம் தள்ளப்பட்டதால்தான் பார்க்கக் கிடைத்தது. பீடத்துக்கு மேலே, பட்டு அங்கிக்குள், சின்ன முகம். தலையில் கிரீடம். 1646 மார்ச் 25ஆம் தேதி நான்காம் ஜோவாவ் நாட்டையும் கிரீடத்தையும் இந்த அம்மாவுக்கு ஒப்புக்கொடுத்தார், பிரகான்சா வீட்டிலிருந்து முதல் அரசரானவர். அதன்பின் எந்தப் போர்த்துகீசிய அரசரும் தலையில் கிரீடம் சூடியதில்லை. இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த நிமிடத்தில் ராஜாவும் இல்லை, வரலாறும் இல்லை. நினைவுக்கு வந்தது அம்மாவின் சமையல்கட்டு. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி மூன்றாவது சொல்லில் தொண்டை அடைத்துவிட்டது. கப்பலில் கிடந்த அந்த ஐந்து மாதமும், தினமும் இரவு அவர் போன் வருமா என்று உட்கார்ந்திருந்ததும், அம்மா பக்கத்தில் செபமாலையோடு தூங்கி வழிந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுதிருக்கிறேன், அண்ணன் மகன் கைக்குட்டை கொடுத்தபோதுதான் தெரிந்தது. அம்மா, தாயே, நீ கொடுத்த ஆளை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன், உனக்கு நான் என்ன கொடுக்க?

பூசை முடிந்து முத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. உண்டியலில் போட மனம் வரவில்லை. கோயில்பிள்ளை மாதிரி இருந்த ஒரு பெரியவரிடம் போனோம். துணியைப் பிரித்தேன். "பேரோலா" என்று மெல்லச் சொன்னார், முத்துக்கு அவர்கள் சொல். எங்கள் கடலில் மூச்சைப் பிடித்து முங்கி எடுத்தது என்று அண்ணன் மகன் மொழிபெயர்த்தான். எந்தப் பெயரில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் கொஞ்சம் நிமிர்ந்து, "பெரைரா" என்றேன்.

மனிதர் சிரித்துவிட்டார். இங்கே தடுக்கி விழுந்தால் பெரைராவாம். அவர் மனைவி, பக்கத்து வீடு, ரொட்டிக்கடை எல்லாமே. அதற்கு அர்த்தம் பேரிக்காய் மரம், வேறொன்றுமில்லை என்றார். ராஜாவுக்குப் படை நடத்திய குடும்பம்! அம்மா இருந்திருந்தால் அந்தப் பெரியவரிடம் சண்டைக்கே போயிருப்பாள். ஆனால் அவர் முத்தை உள்ளங்கையில் வைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார், நாங்கள் செய்கிற மாதிரியே. அது போதும்.

பிற்பகல் மாதா பவனி. மழை விட்டிருந்தது. சதுக்கத்தின் ஆரஞ்சு மரங்களில் காய் தொங்கியது. எங்கள் ஊர்த் தங்கத்தேர் கண்ணுக்குள் வந்து நின்றது. அவருக்கு போன் போட்டேன், இப்போதும் கப்பலில்தான் இருக்கிறார்.

"குடுத்திட்டியா?"

"குடுத்திட்டேன்."

"இன்னொரு முத்து?"

அது ஆகஸ்ட் 5க்கு, எங்கள் ஊர்ப் பனிமய மாதாவுக்கு. ஒருத்திக்குக் கொடுத்து ஒருத்திக்குக் கொடுக்காமல் இருந்தால் ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவது?