மகிழங்கன்று கருகியது ஏன்: இரண்டு மாதம் வீணாய்ப் போன கதை

திருவொற்றியூர் வீட்டு வாசலில் 6 அடி மகிழங்கன்று. குழி, நடவு, கழி கட்டுவது எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. ஒரு மாதத்தில் இலை விளிம்பு தீய ஆரம்பித்தது. நர்சரியில் போட்டோவைக் காட்டினால் சரியாகப் பார்க்காமலே "தண்ணி பத்தலை" என்றார்கள். ஊற்றியாச்சு. அடுத்த முறை போனபோது "டிஏபி ஒரு கைப்பிடி போடுங்க" என்றார்கள் (மணிச்சத்தும் தழைச்சத்தும் உள்ள ரசாயன உரம்). போட்ட நாலாம் நாள் பாதி இலை பழுப்பு. டிஏபியும் ஒரு உப்புதான். ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் அதைப் போட்டால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது.

மகிழம் போன்ற மரங்களில் இலை சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. வேர் கெட்டு வாரக்கணக்கில் ஆன பிறகும் பச்சையாகவே நிற்கும். அதனால் நுனியிலிருந்து அடிவரை பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்க. உள்ளே பச்சையாக ஈரமிருந்தால் அந்த இடம்வரை உயிர் இருக்கு. மஞ்சளாகி உதிர்கிற இலையைவிட, காய்ந்தும் உதிராமல் தொங்குகிற இலைதான் மோசம். அந்தக் கிளையே போயிருக்கும்.

விளிம்பு தீய்ந்தால் உப்பு அல்லது வறட்சி. மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் தேக்கம். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மண்ணில் சுண்ணாம்பு. ரப்பிஷ் (கட்டட இடிபாடு) கொட்டி மேடாக்கிய மனையில் இது சகஜம். அந்த மண்ணில் வினிகர் விட்டால் நுரைக்கும்.

கடைசியில் தோண்டியபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நட்டுக்கொடுத்தவர் கன்று இருந்த கறுப்பு கவரை அடியில் மட்டும் கீறிவிட்டு அப்படியே இறக்கியிருக்கிறார். வேர் உள்ளேயே சுருண்டு கிடந்தது. சுற்றி மண் சேறு, வேரைச் சுற்றிய மண்கட்டியான வேர்க்கட்டிக்குள் காய்ந்த தூசு! தண்டும் வேரும் சேரும் கழுத்து 5 அங்குலம் மண்ணுக்கடியில். ஊற்றி வந்த போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) லிட்டருக்கு 2,600 மில்லிகிராம். கடலோரத்தில் போர் போட்டால் முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டரை தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கணும். 2,000 தாண்டினாலே கன்றுக்கு ஆபத்து.

சாயங்காலமாகப் பார்த்து, கவரை முழுக்கக் கிழித்து, சுருண்ட வேரை மட்டும் கத்தரித்து, கழுத்து தரைக்கு 2 அங்குலம் மேலே இருக்கும்படி மறுபடி நட்டோம். ரப்பிஷை அள்ளிவிட்டு செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1. மூன்று நாளுக்கு ஒருமுறை 2 குடம் மெட்ரோ வாட்டர் (குழாயில் வரும் குடிநீர்), வேர்க்கட்டி மேலேயே. ஆர்ஓ (தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின்) கழிவு நீரை மட்டும் ஊற்றிடாதீங்க, அது உள்ளே போன தண்ணீரைவிட உப்பு. உரம் எதுவும் இல்லை.

ஆறாவது வாரம் நடுத்தண்டில் நாலு துளிர். அதற்கு மேலே செத்திருந்த ஒன்றரை அடியை வெட்டியாச்சு.