இழுக்கும் இடது சக்கரம்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

தாம்பரத்திலிருந்து திரும்பும்போது ஆல்டோ இடது பக்கமாகவே இழுத்தது. டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறது. வாசலில் நிறுத்தி, முன் இடது ரிம்மில் நாலு சொட்டு தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்றது. வலது ரிம்மில் லேசான சூடுதான். இடது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தெருமுனை ஷெட்டில், "காலிப்பர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். காலிப்பர் என்பது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம். சக்கரத்தைக் கழற்றாமலே சொன்ன தீர்ப்பு. மனசு ஒப்பவில்லை.

சாயங்காலம் நானே ஜாக்கி வைத்துத் தூக்கினேன். பெடலை மிதித்து விட்ட பிறகு சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. பிரேக் ஆயில் வரும் இரும்புக் குழாயும் காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸும் சேரும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஆயில் கசிந்தது, சக்கரம் அசையவில்லை. அதை இறுக்கிவிட்டு காலிப்பரில் உள்ள பிளீடரைத் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) திறந்தேன். ஆயில் பீச்சியடித்தது, சக்கரம் சட்டென்று விட்டது.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு என்றால் குழாய் நட்டைத் தளர்த்தியபோதே விட்டிருக்கும். காலிப்பருக்குள் பிஸ்டன் ஜாம் என்றால் பிளீடரைத் திறந்தாலும் விடாது. மிச்சம் இருப்பது நடுவிலுள்ள ஹோஸ். 2009 மாடல் வண்டி, ஹோஸும் அதே வயசு. நட்டைத் தளர்த்தியதில் ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கும், அந்த ஏரை எடுக்கும் வரை வண்டி வெளியே போகாது.

ஆகஸ்ட் 10, சனி

ஜி.பி. ரோட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஹோஸ், புது செப்பு வாஷர்கள், பிரேக் ஆயில். கடைக்காரர் டாட் 4 தர ஆயிலை எடுத்து நீட்டினார். அதன் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையாது, டாட் 3-க்கு 205. ஆனால் என் வண்டியின் ரிசர்வாயர் (ஆயில் தொட்டி) மூடியிலேயே டாட் 3 என்றிருக்கிறது, அது போதும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மட்டும் இதில் கலக்கவே கூடாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குழாய் நட்டில் ஒரே துரு. சாதாரண ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் குழாயையே மாற்ற வேண்டியதுதான். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பானரோடு பொறுமையாகப் போராடியதும் வழிக்கு வந்தது. கிளிப்பைத் தட்டி எடுத்து, புது ஹோஸை முறுக்கில்லாமல் மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் உரசவில்லை. ஃபெண்டரில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், விட்டால் பெயிண்டைத் தின்றுவிடும்.

ஏர் எடுக்கும்போது பெடலை மிதிக்க அக்கா மகன். பிளீடரை நான் மூடும் வரை காலை எடுக்கக் கூடாது என்பதுதான் அவனுக்கு ஒரே சட்டம்.

"மாமா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"குமிழி நிக்கிற வரைக்கும்டா. மிதி."

இடையிடையே ரிசர்வாயரில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அது காலியானால் காற்று புகுந்து, மறுபடி முதலிலிருந்து.

பழைய இடது ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, ஒரு பக்கம் நாக்குபோல் பிரிந்து நிற்கிறது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. திரும்பும்போது அதுவே வழியை அடைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கிண்டி வரை போய் வந்தேன். இழுப்பு இல்லை, இரண்டு ரிம்மும் ஒரே சூடு, கசிவும் இல்லை. கிழித்த ஹோஸை ஷெட்டில் காட்டினேன். "அப்படியா சார்" என்றதோடு சரி.