0.20 கிராம் எங்கிருந்து வந்தது?

உயர்தர இரசாயனவியல் வகுப்பு தொடங்கும்போது முதல் வாரத்தில் ஒரு பேப்பர் வைப்பது கொழும்பு டியூசன் வகுப்புகளில் வழமை. சாதாரண தர விஞ்ஞானத்தில் இருந்து பிள்ளை எதைக் கொண்டுவந்திருக்கிறது என்று பார்க்கத்தான். பழைய பேப்பர்களில் இருந்து 40 பல்தேர்வு வினாக்களைப் பொறுக்கி, வெள்ளவத்தையில் போட்டோக்கொப்பி அடித்து, திருத்திப் புள்ளியைப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. 24 எடுத்த பிள்ளைக்கு மற்ற 16உம் ஏன் பிழைத்தன என்பது பேப்பர் வைத்தவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. அடுத்த கிளாஸில் எல்லோருக்கும் மூல் கணக்கு (பொருளின் அளவைத் துணிக்கைகளின் எண்ணிக்கையால் பார்க்கும் கணக்கு) அடியிலிருந்து ஆரம்பமாகும்.

அந்தப் புள்ளியைக்கூட அப்படியே நம்ப முடியாது. நான்கு தெரிவுகள் உள்ள 40 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டால் சராசரியாக 10 சரிவரும். உயர்தரத்தில் ஐந்து தெரிவுகளுடன் 50 வினாக்கள், அங்கேயும் 10தான். ஒன்றுமே தெரியாத 40 பேர் சாதாரண தரப் பேப்பரை எழுதினால் சராசரியாக நாலு பேர் 14 அல்லது அதற்கு மேல் எடுத்துவிடுவார்கள். ஆகவே 14 எடுத்த பிள்ளைக்குக் கொஞ்சம் தெரியும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

பிள்ளை எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், சரியான விடையைவிடப் பிழையான தெரிவுகளுக்குத்தான் கூடுதல் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு பிழையான தெரிவும் ஒரு குறிப்பிட்ட பிழையான வழியில் போனால் மட்டும் கிடைக்கும் விடையாக இருக்கவேண்டும். கேட்க இலகுவாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு வினாவை எடுத்துப் பார்ப்போம்.

2.4 கிராம் மகனீசியத்தை, ஒரு கன தெசிமீற்றரில் 1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தின் 100 கன சென்றிமீற்றருடன் சேர்த்தால் எத்தனை கிராம் ஐதரசன் கிடைக்கும்? மகனீசியம் 24, ஐதரசன் 1 என்று கொடுத்தாயிற்று. மகனீசியம் 0.1 மூல், அமிலம் 0.1 மூல். ஒரு மூல் மகனீசியத்துக்கு இரண்டு மூல் அமிலம் வேண்டும் என்பதால் அமிலம்தான் முதலில் தீரும். ஐதரசன் 0.05 மூல், அதாவது 0.10 கிராம். டியூட்களில், அதாவது டியூசன் குறிப்புத்தாள்களில், அடிக்கடி காணும் கணக்கு, எண்களும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் அந்த அழகுதான் இதைச் சோதனைக்கு உதவாமல் செய்கிறது.

0.20 கிராம் என்று விடை எழுதிய பிள்ளையைப் பாருங்கள். மகனீசியம் முழுவதும் தாக்கமடையும் என்று நினைத்து 0.1 மூல் ஐதரசன் எடுத்திருக்கலாம். அல்லது அமிலம் முதலில் தீரும் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, இரண்டால் வகுக்க மறந்து அதே 0.1 மூலுக்கு வந்திருக்கலாம். முதலாவது பிள்ளைக்கு எந்தத் தாக்கி முதலில் தீரும் என்ற எண்ணமே இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு அது தெரியும், சமன்பாட்டின் விகிதத்தை விட்டுவிட்டது. கற்பிக்கவேண்டியது இரண்டு வேறு விஷயங்கள்; பேப்பரில் நிற்பது ஒரே புள்ளடி.

இப்போது மகனீசியத்தை 1.8 கிராமாக மாற்றுங்கள். அது 0.075 மூல், அமிலம் பழையபடி 0.1 மூல். சரியான விடை இன்னும் 0.10 கிராம்தான், ஏனென்றால் அமிலம்தான் முதலில் தீர்கிறது. ஆனால் பிழைகள் பிரிந்துவிட்டன. மகனீசியம் முழுவதையும் எடுத்த பிள்ளைக்கு 0.15 கிராம். இரண்டால் வகுக்காத பிள்ளைக்கு 0.20. ஐதரசன் வாயுவின் மூலர்த்திணிவை (ஒரு மூல் எத்தனை கிராம் என்பதை) 2 என்று எடுக்காமல் 1 என்று எடுத்த பிள்ளைக்கு 0.05. ஐந்தாவது தெரிவு வேண்டுமென்றால் 0.075: மகனீசியத்தையும் பிழையாக எடுத்து மூலர்த்திணிவையும் பிழையாக எடுத்தவருக்கு உரியது.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 0.15 என்ற விடைக்கு வரக் குறைந்தது மூன்று பாதைகள் உண்டு. திண்மம்தான் கணக்கைத் தீர்மானிக்கும் என்று பழக்கத்தில் எடுத்திருக்கலாம். 0.075, 0.1 என்ற இரண்டு மூல்களில் சிறியது முதலில் தீரும் என்று விகிதம் பாராமல் முடிவுசெய்திருக்கலாம். 1.8 கிராமையும் அமிலத்தின் 3.65 கிராமையும் ஒப்பிட்டு, திணிவு குறைந்தது முதலில் தீரும் என்று எண்ணியிருக்கலாம். எண்களை எப்படி மாற்றினாலும் இவற்றை முற்றாகப் பிரிப்பது கஷ்டம். மகனீசியத்தை 0.12 மூலாகக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசம்: சிறிய மூல்தான் முதலில் தீரும் என்று நினைக்கும் பிள்ளைக்கு அமிலம் என்ற சரியான முடிவு கிடைத்துவிடும், பிழையான காரணத்தால். பேப்பரில் அதற்கு முழுப் புள்ளி விழும்.

அதனால்தான் வினாவுக்குக் கீழே காரணத்தைக் கேட்கும் இரண்டாவது அடுக்கு தேவைப்படுகிறது. அவுஸ்திரேலியாவின் டேவிட் ட்ரெகஸ்ட் 1988இல் எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குப் பிறகு விஞ்ஞானக் கல்வியில் பரவலான முறை இது. முதலாம் பகுதியில் விடை, இரண்டாம் பகுதியில் "இந்த விடையைத் தெரிவுசெய்ததற்குக் காரணம்" என்று நான்கு தெரிவுகள். சரியான காரணமும் மேலே சொன்ன பிழையான பாதைகளும்தான் அந்தத் தெரிவுகள். இரண்டும் சரியானால் மட்டும் புள்ளி. ஊகத்தில் இரண்டும் சரிவரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. காரணங்களை நீங்களாகக் கற்பனை பண்ணி எழுதவேண்டாம். போன வருட வகுப்புக்கு இதே வினாவைத் திறந்த வினாவாகக் கொடுத்து, பிள்ளைகள் தங்கள் சொல்லிலேயே எழுதியதை எடுத்துப் போடுங்கள். ஆசிரியர் மொழியில் எழுதிய பிழையான காரணத்தைப் பிள்ளை எளிதில் மோப்பம் பிடித்துவிடும்.

விடைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பெட்டி: நிச்சயம், சந்தேகம், ஊகம். பிழையும் ஊகமும் சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியாது; படிப்பித்தால் சரி. பிழையும் நிச்சயமும் சேர்ந்தால் வேறொன்று ஏற்கெனவே உள்ளே குடியிருக்கிறது, வெறுமனே திரும்பப் படிப்பித்து அதைக் கிளப்ப முடியாது. பெட்டிக்குப் புள்ளி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் "நிச்சயம்" போடுவார்கள்.

கணக்கு இல்லாத வினாக்களில்தான் நல்ல நல்ல விடைகள் வரும். கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நீராவி என்று எழுதுபவர்களோடு, வளி என்றும், ஐதரசனும் ஒட்சிசனும் என்றும் எழுதுபவர்கள் இருப்பார்கள். இது உலகம் முழுக்க ஆய்வுகளில் பதிவான பிழை. மின்பகுப்புக் கணக்கைப் பிழையில்லாமல் செய்யும் பிள்ளையும் இதில் விழும். நீர் மூலக்கூறு கொதிக்கும்போது உடைவதில்லை, மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவுதான்.

துணிக்கைப் படம் கேட்பதும் அப்படியே பலன் தரும். ஒரு பெட்டியில் மூன்று நைதரசன் மூலக்கூறுகள், ஆறு ஐதரசன் மூலக்கூறுகள். தாக்கம் முற்றுப்பெற்ற பின் பெட்டியை வரையச் சொல்லுங்கள். வரவேண்டியது நான்கு அமோனியாவும் மீதியாக ஒரு நைதரசனும். சமன்பாட்டில் அமோனியாவுக்கு முன்னால் 2 இருக்கிறது என்பதற்காக இரண்டு அமோனியாவோடு நிறுத்துபவர்கள் உண்டு. இரண்டு நைதரசன் அணுக்களை ஒட்டியே வைத்து ஆறு ஐதரசனைச் சுற்றி வரைபவர்களும் உண்டு: முன்னால் உள்ள எண்ணுக்கும் கீழே உள்ள எண்ணுக்கும் வித்தியாசம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. பெட்டியில் உள்ள அணுக்களை வெள்ளை வட்டம், கறுப்பு வட்டம் என்று போடுங்கள். சாம்பல் நிறம் போட்டால் போட்டோக்கொப்பியில் ஒன்று கறுப்பாகும் அல்லது மறைந்துவிடும்.

திணிவுக் காப்பை (தாக்கத்தில் மொத்தத் திணிவு மாறாது என்பதை) எழுத்தில் கேட்பதைவிடக் கண்முன் செய்துகாட்டி, முன்கூட்டியே விடை எழுதவைப்பது நல்லது. 1.5 லீற்றர் பிளாஸ்ரிக் சோடாப் போத்தலுக்குள் 40 மில்லிலீற்றர் வினாகிரி. 2 கிராம் அப்பச்சோடாவை ஒரு சிறு குழாயில் போட்டு நிமிர்ந்தபடி உள்ளே இறக்கி, மூடியை இறுக்கி, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் வையுங்கள். பிறகு சரித்துக் கலவுங்கள். வாசிப்பு கூடுமா, குறையுமா, மாறாதா? வாயு வந்ததால் குறையும் என்பதுதான் வழக்கமாக வரும் பிழையான விடை. இந்த அளவில் கிட்டத்தட்ட 0.6 லீற்றர் காபனீரொட்சைட்டு வரும், சோடாப் போத்தல் அதைத் தாராளமாகத் தாங்கும். கண்ணாடிப் போத்தலில் செய்யவே கூடாது.

பலர் பலூன் கட்டிச் செய்கிறார்கள். அதில் ஒரு தொல்லை உண்டு. பலூன் அரை லீற்றர் ஊதினால் அவ்வளவு வளியை இடம்பெயர்க்கும். மேலுதைப்பால் வாசிப்பு ஏறக்குறைய 0.6 கிராம் குறையும். தராசு அதைக் காட்டும், "பார்த்தீர்களா, குறைந்துவிட்டது" என்று பிழையான எண்ணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தமாதிரி ஆகிவிடும். மூடியைத் திறந்த பின் எவ்வளவு குறையும் என்பது கெட்டிக்காரருக்கான அடுத்த கேள்வி. கணக்குப்படி வந்த வாயு 1.05 கிராம், ஆனால் தராசு அவ்வளவு குறையாது: வாயுவில் ஒரு பகுதி போத்தலிலேயே தங்கும், கொஞ்சம் கரைசலில் கரைந்திருக்கும்.

இதே அளவை வைத்து வாயுக் கனவளவும் கேட்கலாம். ஒரு மூல் வாயுவுக்கு 22.4 லீற்றர் என்பது 0 பாகை செல்சியஸுக்குரியது. கொழும்பு வகுப்பறையின் 30 பாகையில் ஒரு மூல் வாயு சாதாரண வளியமுக்கத்தில் 24.9 லீற்றர் அளவு. எந்த வெப்பநிலையிலும் 22.4ஐப் போடும் பிள்ளை அந்த எண்ணைப் பாடமாக்கியிருக்கிறது.

செய்முறை அறிவைப் பேப்பரில் சோதிக்க நியமிப்பு போதும்: அளவி என்ற கோடிட்ட கண்ணாடிக் குழாயில் உள்ள அமிலத்தைக் கூம்புக் குடுவையில் உள்ள காரத்துக்குத் துளித்துளியாகச் சேர்த்துச் செறிவைக் காணும் செய்முறை. "அளவியை எதனால் கழுவவேண்டும்?" என்று கேட்டால் பாடமாக்கியதைத்தான் எழுதுவார்கள். மாறாகப் பிழையைக் கொடுத்து விளைவைக் கேளுங்கள். அமிலம் நிரப்பமுன் அளவியை நீரால் மட்டும் கழுவினால் அமிலம் ஐதாகும், வாசிப்பு கூடும். கூம்புக் குடுவையைக் காரத்தால் கழுவினால் காரம் கூடும், அப்போதும் வாசிப்பு கூடும். குடுவையில் நீர் மீதியிருந்தால்? ஒன்றும் ஆகாது, காரத்தின் மூல் மாறவில்லை. இந்த மூன்றாவதுதான் ஆளைப் பிரித்துக் காட்டும். அளவியின் நுனியில் வளிக்குமிழி இருந்து இடையில் வெளியேறினால் வாசிப்பு கூடும். கண்ணை மட்டத்துக்கு மேலே வைத்துப் பார்த்தால், பூச்சியம் மேலே இருப்பதால் எண் குறைவாகத் தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் அதே பிழையைச் செய்தால் பெரும்பாலும் கழிந்துவிடும். கடைசியாக ஒன்று, நம் ஊருக்கென்றே: சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகளை ஈரக்காற்றில் சிறிது நேரம் விட்டுவிட்டு 4.0 கிராம் நிறுத்து ஒரு லீற்றராக்கினால் செறிவு லீற்றருக்கு 0.1 மூல் இருக்குமா? இருக்காது. நிறுத்த நிறையில் நீரும் சேர்ந்திருக்கிறது, செறிவு குறையும்.

திருத்திய பின் ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். 40 பேரென்றால் மேலே இருந்து 11 பேர், கீழே இருந்து 11 பேர். இப்படி 27 சதவீதம் எடுப்பது கல்வி அளவீட்டில் பழைய வழக்கம். ஒவ்வொரு வினாவுக்கும் மேல் அணியில் சரியாக எழுதியவர்களில் இருந்து கீழ் அணியில் சரியாக எழுதியவர்களைக் கழித்து 11ஆல் வகுங்கள். 9உம் 3உம் என்றால் 0.55, நல்ல வினா. 0.2க்குக் கீழே வந்தால் வினாவின் மொழியைப் பாருங்கள். மறை எண் வந்தால் முதலில் உங்கள் விடைப்பட்டியலைப் பாருங்கள், அநேகமாகச் சரியான விடை என்று நீங்கள் குறித்ததே பிழையாக இருக்கும். யாருமே தெரிவுசெய்யாத தெரிவு இருந்தால் அது இடத்தை அடைக்கிறது, தூக்கிவிடுங்கள்.

பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது சரியான விடைகளை வரிசையாக வாசிக்கவேண்டாம். 0.15 எழுதியவர்கள் ஒரு பக்கம், 0.20 எழுதியவர்கள் ஒரு பக்கம். முதலாவது அணிக்கு ஒரே கேள்வி: கடைசியில் பாத்திரத்தின் அடியில் ஏதாவது கிடக்குமா? 0.025 மூல், அதாவது 0.6 கிராம் மகனீசியம் மீதி என்று அவர்களே கண்டுபிடிக்கவேண்டும். இரண்டாவது அணிக்கு அணுக்களை எண்ணவைத்தால் போதும்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பச் சோதிக்க எண்களை மட்டும் மாற்றாதீர்கள், பொருளை மாற்றுங்கள். கல்சியம் உலோகம் வேண்டாம். அமிலம் தீர்ந்தபின் மீதி நீருடனும் தாக்கி ஐதரசனைக் கூட்டிவிடும். 7.5 கிராம் கல்சியம் காபனேற்றும் அதே 100 கன சென்றிமீற்றர் அமிலமும் நன்றாகப் பொருந்தும். சரியான விடை 2.2 கிராம் காபனீரொட்சைட்டு, திண்மத்தை முழுவதும் எடுத்தால் 3.3, இரண்டால் வகுக்காவிட்டால் 4.4, மீதித் திண்மம் 2.5 கிராம்.