பழைய ஃப்ரீசரும் அதன் எண்ணெயும்

ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் வாயுவில் ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டி ஃப்ரீசர் ஒன்றை ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றி முடித்திருக்கிறேன். இது என் இரண்டாவது முயற்சி. முதல் முறை, வேறொரு குளிர்பெட்டியில், பழைய வாயுவை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினால் போதுமென்று எண்ணினேன். சில மாதங்களில் குளிர்ச்சி குறைந்தது. வாயுவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய காப்பிலரி குழாயை வெட்டிப் பார்த்தபோது உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தது.

ஆர்-12, பழைய கம்ப்ரஸர்களில் உராய்வைக் குறைக்க ஊற்றியிருக்கும் கனிம எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் கம்ப்ரஸரிலிருந்து வாயுவோடு வெளியேறும் சிறிதளவு எண்ணெய், குழாய்களைச் சுற்றிவிட்டு மீண்டும் கம்ப்ரஸருக்கே வந்து சேர்ந்துவிடும். ஆர்-134ஏ அந்த எண்ணெயுடன் கலப்பதில்லை என்பதால், எண்ணெய் எவாப்பரேட்டரிலேயே, அதாவது பெட்டியைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளிலேயே, தங்கிவிட, கம்ப்ரஸர் மெல்ல மெல்ல வறண்டுபோகிறது. புதிய வாயுவுக்குப் பாலியோல் எஸ்டர் எண்ணெய் வேண்டும். பழைய எண்ணெயின் மிச்சம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

எனவே இம்முறை ஆர்-12 வாயுவைக் காற்றில் விடாமல் தனி சிலிண்டரில் சேகரித்த பின், கம்ப்ரஸரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை வடித்து, வடிந்ததை அளந்து வைத்துக்கொண்டேன். பிறகு சிறிது எஸ்டர் எண்ணெயை ஊற்றி அலசி வடிப்பதை மூன்று முறை செய்துவிட்டு, முன்பு அளந்த அதே அளவில் புதிய எண்ணெயை நிரப்பினேன். எஸ்டர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் நாளடைவில் அமிலமாகச் சிதையும். ஆகவே டப்பாவைத் திறந்தே வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கக் கூடாது.

ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரையும் ஆர்-134ஏ-வுக்கு ஏற்றதாக மாற்றினேன். ஒரே அளவு குளிர்ச்சிக்கு ஆர்-134ஏ குறைந்த எடையே சுற்றினால் போதும் என்பதால், காப்பிலரியையும் பழையதைவிடச் சற்று நீளமாகப் பொருத்தினேன். கசிவு பார்க்க நைட்ரஜனும் சோப்பு நீரும்தான். ஆக்சிஜனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். பச்சைச் சுடரால் கசிவைக் காட்டும் ஹாலைடு விளக்கு இங்கே உதவாது, ஏனெனில் அந்த நிறம் வாயுவிலுள்ள குளோரினால் வருவது, ஆர்-134ஏ-வில் குளோரினே இல்லை. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை ஆர்-12-ஐ ஒதுக்கியதும் ஓசோனைச் சிதைக்கும் இந்தக் குளோரினால்தான்.

ஆர்-134ஏ-வுக்குப் பதில் ஐசோபியூட்டேன் வாயுவையும் யோசித்தேன். ஆனால் அது தீப்பற்றும். பழைய பெட்டிக்குள்ளேயே பொறி தெறிக்கும் தெர்மோஸ்டாட்டும் விளக்கு சுவிட்சும் இருக்கையில் எனக்குத் துணிவு வரவில்லை.

வாயு ஏற்றுமுன், குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேக்குவம் பம்பை, உள்ளழுத்தம் 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கும்வரை ஓடவிட்டு, பின் அதை நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று கவனித்தேன். பெயர்ப் பலகையில் 300 கிராம் ஆர்-12 என்றிருந்தது. தராசில் வைத்து 250 கிராமில் தொடங்கி, எவாப்பரேட்டர் முழுவதும் உறைபனி படரும்வரை சிறிது சிறிதாகச் சேர்த்ததில் 265 கிராமில் நின்றது. ஆர்-134ஏ ஏறக்குறைய மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பதால், அதற்கும் கீழே குளிரவிட்டால் கம்ப்ரஸர் வாயுவை உறிஞ்சும் பக்கம் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே போய், சிறு கசிவிருந்தாலும் காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். அதனால் தெர்மோஸ்டாட்டைக் கடைசிப் புள்ளிவரை திருப்பாமல் விட்டிருக்கிறேன். கம்ப்ரஸர் மேல் வாயுவின் பெயர், எடை, எண்ணெயின் வகை மூன்றையும் எழுதி ஒட்டியாயிற்று.